ஏற முடியாது என்று எழுதப்பட்ட மலை: ஹாஃப் டோம் பாதை சொல்லும் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் பள்ளி விடுமுறையில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு மலையேறுவதில் ஆசை அதிகம். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஹாஃப் டோம் என்ற மலைக்கு ஏற, குலுக்கலில் எங்கள் இருவருக்கும் அனுமதிச் சீட்டு விழுந்தது. விடியற்காலையில் புறப்பட்டோம். ஆனால் உச்சிக்குப் போகவில்லை. கடைசி ஏற்றத்துக்கு முன்னால் கருமேகம் திரண்டுவிட்டது. திரும்பி வந்துவிட்டோம்.

பள்ளி திறந்ததும் படிவம் நான்கு மாணவர்களிடம் இதைச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "அப்புறம் எதுக்கு டீச்சர் அவ்ளோ தூரம் போனீங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. ஒரு நாள் நடைப்பயணத்தில் காலடியில் எவ்வளவு வரலாறு கிடக்கிறது என்பதையும், அந்த வரலாற்றை யார் பெயரில் எழுதுகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

பாதையும் மலையும்

ஹாஃப் டோம் ஒரே கருங்கல் மலை. பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் தேங்காயை உடைத்து ஒரு மூடியை நிறுத்தி வைத்தது போல இருக்கும். ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டுண்ட சுவர். மறுபக்கம் வழுக்கும் வளைவு. உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,690 மீட்டர். பள்ளத்தாக்குத் தரையிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம். நம் ஜொகூரில் உள்ள குனோங் லேடாங்கின் உயரம் 1,276 மீட்டர். அதைத் தரையில் வைத்தாலும் இந்த உச்சியை எட்டாது.

போக வர 22 முதல் 26 கிலோமீட்டர். பெரும்பாலோருக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஹாப்பி ஐல்ஸ் என்ற இடத்தில் தொடங்கி, ஆற்றை ஒட்டிக் கற்படிகளில் ஏற வேண்டும். முதலில் 97 மீட்டர் உயர வெர்னல் அருவி. கோடையின் தொடக்கத்தில் பனி உருகி வரும் தண்ணீர் சாரலாக அடித்து ஆளையே நனைத்துவிடும். அதற்கு மேலே 181 மீட்டர் உயர நெவாடா அருவி. பிறகு காடு. காட்டைத் தாண்டினால் சப் டோம் என்ற சிறிய மொட்டைப் பாறை. அதன்மேல் ஏறினால்தான் கடைசி 120 மீட்டர் தெரியும். ஏறக்குறைய 45 பாகைச் சரிவில் இரண்டு இரும்புக் கம்பி வடங்களைப் பிடித்துக்கொண்டு கையால் இழுத்து இழுத்து ஏற வேண்டிய பாறை.

'கண்டுபிடித்தார்கள்' என்ற சொல்

மாணவர் கட்டுரைகளில் நான் அடிக்கடி பார்க்கும் வாக்கியம்: "இந்த இடத்தை இன்னார் இந்த ஆண்டில் கண்டுபிடித்தார்." யோசெமிட்டியைப் பற்றி எழுதினால் "1851-இல் கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதுவார்கள். ஏனென்றால் பழைய நூல்களே அப்படித்தான் சொல்கின்றன.

நடந்தது என்ன? 1848-இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிந்தார்கள். பூர்வகுடிகளின் வேட்டைக் காடுகளும் ஆறுகளும் சுரங்கக்காரர்களின் கைக்குப் போயின. மோதல் வந்தது. 1851 மார்ச் மாதத்தில் ஜேம்ஸ் சாவேஜ் தலைமையில் மரிபோசா படைப்பிரிவு என்ற தன்னார்வப் படை, மக்களைப் பிடித்துக் குடியேற்ற முகாமுக்குக் கொண்டுபோக இந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் அஹ்வானிச்சி மக்கள். பள்ளத்தாக்குக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அஹ்வானி. அவர்களின் தலைவர் தெனாயா.

அந்தப் படையோடு போனவர்களில் ஒருவர் லஃபாயெட் பன்னல். 'யோசெமிட்டி' என்ற பெயரை அவர்தான் முன்மொழிந்தார். 1880-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'யோசெமிட்டியின் கண்டுபிடிப்பு', '1851 இந்தியப் போர்' என்ற இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. கண்டுபிடிப்பும் போரும் ஒரே நிகழ்ச்சி என்று அவரே ஒப்புக்கொண்டது போல இருக்கிறது.

அந்த நூலில் ஒரு சம்பவம் வருகிறது. இரண்டாவது படையெடுப்பில் தெனாயாவின் மக்களை ஓர் ஏரிக்கரையில் பிடிக்கிறார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் பிடிபட்டிருந்த தெனாயாவின் இளைய மகன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தான். பன்னல் தெனாயாவிடம், "இந்த ஏரிக்கு உங்கள் பெயரை வைக்கிறோம்" என்கிறார். தெனாயாவுக்கு அது பெருமையாக இல்லை. இந்த ஏரிக்கு ஏற்கனவே பெயர் இருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன பதிலின் சாரம். அந்தப் பழைய பெயர் பைவியாக். இன்றும் வரைபடத்தில் அது தெனாயா ஏரிதான்.

மாணவர்களே, ஊரை விட்டுத் துரத்தப்படும் மனிதரிடம் "உங்கள் பெயரை வைக்கிறோம்" என்று சொல்வது எப்படிப்பட்ட மரியாதை? இதை வகுப்பில் கேட்டபோது சிரித்த அதே வகுப்பு அமைதியாகிவிட்டது.

ஹாஃப் டோமுக்கும் பழைய பெயர் உண்டு: டிஸ்ஸாயாக். கணவனோடு சண்டையிட்டுக் கல்லாகிப்போன ஒரு பெண்ணின் பெயர் அது என்பது மக்கள் கதை. மலையின் செங்குத்துச் சுவரில் தெரியும் கறுப்புக் கோடுகள் அவளுடைய கண்ணீர்த் தடங்களாம். அறிவியல் அதைப் பாறையில் வளரும் பாசியினம் என்கிறது. கதை, அங்கே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

'முடியாது' என்ற சொல்

1864 ஜூன் 30-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் மரிபோசா பெருமரத் தோப்பும் பொதுமக்களின் பயன்பாட்டுக்காகக் கலிஃபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன. உலகின் முதல் தேசியப் பூங்கா எனப்படும் எல்லோஸ்டோன் 1872-இல்தான் வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே இயற்கையைச் சட்டத்தால் காக்கும் எண்ணம் இங்கே உருவாகிவிட்டது. 1890-இல் சுற்றியுள்ள பகுதி தேசியப் பூங்கா ஆனது. 1906-இல் பள்ளத்தாக்கும் அதனோடு சேர்ந்தது.

அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாவின் நிலவியல் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஜோசையா விட்னி. பெரிய அறிஞர். அமெரிக்காவின் அலாஸ்கா நீங்கலான மாநிலங்களில் மிக உயர்ந்த சிகரத்துக்கு அவர் பெயர்தான். ஹாஃப் டோம் மனிதக் கால் படாத, இனிமேலும் படவே முடியாத சிகரம் என்ற கருத்து 1860-களின் பிற்பகுதியில் அவருடைய யோசெமிட்டி நூலில் அச்சேறியது.

அதன் பிறகு முயன்றவர்கள் உண்டு. பாதைகள் அமைப்பவரான ஜான் கான்வே தன் பிள்ளைகளோடு கொஞ்ச உயரம் வரை கயிறு கட்டி ஏறிவிட்டு விட்டுவிட்டார். பிறகு வந்தவர் ஜார்ஜ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கப்பலில் வேலை செய்தவர், கொல்லு வேலையும் தச்சு வேலையும் தெரிந்தவர். முதலில் காலில் சாக்குத் துணியைச் சுற்றி, பிசின் தடவி ஒட்டி ஒட்டி ஏறப் பார்த்தார். சரிவரவில்லை. அப்புறம் தன் தொழிலை நம்பினார். பாறையில் துளையிட்டு, இரும்பு வளையம் அடித்து, அதில் கயிறு கட்டி, அந்த வளையத்தின் மேல் நின்று அடுத்த துளையைப் போட்டார். இப்படியே மேலே போய் 1875 அக்டோபர் 12-இல் உச்சியில் நின்றார். 'முடியாது' என்று அச்சான சொல் பத்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. அதே ஆண்டில் அவர் கட்டிய கயிற்றைப் பிடித்து சாலி டட்சர் என்ற பெண்மணி ஏறினார். நவம்பரில், முதல் பனி விழுந்த பின், இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் ஏறினார்.

ஆண்டர்சனுக்கு உச்சி வரை படிக்கட்டு அமைக்க ஆசை. ஆனால் 1884-இல் இறந்துவிட்டார். யோசெமிட்டி இடுகாட்டிலேயே புதைக்கப்பட்டார். இன்று நாம் பிடித்து ஏறும் கம்பி வடங்கள் 1919-இல் சியெரா கிளப் அமைத்தவை. பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக உருவாக்கப்பட்ட குடிமக்கள் பாதுகாப்புப் படையினர் 1934-இல் அவற்றைப் புதுப்பித்தார்கள்.

பெயர் இல்லாதவர்கள்

இனி நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான இடத்துக்கு வருகிறேன்.

1875 என்றால் ஆண்டர்சன் என்று மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அதே ஆண்டில் அங்கே இன்னொரு வேலையும் முடிந்தது. 1874-75 குளிர்காலத்தில் சுமார் 300 சீனத் தொழிலாளர்கள் வவோனா என்ற ஊரிலிருந்து யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்கு 37 கிலோமீட்டர் வண்டிப் பாதையைச் சில மாதங்களில் அமைத்தார்கள். பனியில், கைக்கருவிகளால், மலையைக் குடைந்து. இன்றும் பூங்காவின் தெற்கு வாசல் வழியாக வருகிறவர்கள் வவோனா வழியாகத்தான் பள்ளத்தாக்குக்கு வருகிறார்கள். 1882-83-இல் டியோகா பாதை: 90 கிலோமீட்டர், 130 நாள்கள். அதிலும் சீனத் தொழிலாளர்களின் உழைப்பே பெரும்பங்கு. அதே 1882-இல்தான் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பாதையைப் போட்டுக் கொடு, ஆனால் நீ இங்கே வராதே என்பதுதான் அதன் பொருள்.

பாறையில் துளையிட்ட ஒருவரின் பெயர் தெரியும். மலையைக் குடைந்து பாதை போட்ட முந்நூறு பேரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தா நினைவு வந்தது. அவர் ஜே.கே.ஆரில் ரோட்டு வேலை செய்தவர். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் வளைவுச் சாலையில் மண் சரிந்தால் மண்வெட்டியோடு போகிற கூட்டத்தில் ஒருவர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாகக் காரில் அந்த மலைக்குப் போகும்போதெல்லாம், "இந்த வளைவு தாத்தா போட்டது" என்று அப்பா சொல்வார். அங்கே எந்தப் பலகையும் கிடையாது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த ரயில் பாதைகளிலும் சாலைகளிலும் தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வை இருக்கிறது. பாடநூலில் ஆண்டு இருக்கும், அதிகாரி பெயர் இருக்கும். தாத்தா பெயர் இருக்காது.

யோசெமிட்டியில் இது கொஞ்சம் மாறத் தொடங்கியிருக்கிறது. நில அளவைக் குழுவுக்குச் சமையல்காரராக இருந்த டை சிங் என்ற சீனரின் பெயரில் 1899 முதலே ஒரு சிகரம் உண்டு: சிங் சிகரம். 2021-இல் வவோனாவில் இருந்த பழைய சீனச் சலவைக்கூடத்தைப் புதுப்பித்து, சீனத் தொழிலாளர் வரலாற்றைச் சொல்லும் காட்சியகமாகத் திறந்தார்கள். பள்ளத்தாக்கில் பூர்வகுடிகளின் கடைசிக் குடியிருப்பு 1969-இல் அகற்றப்பட்டது. இப்போது அவர்களின் வழித்தோன்றல்கள் அதே இடத்தில் தங்கள் பண்பாட்டுக் கிராமத்தை மீண்டும் கட்டி வருகிறார்கள். வரலாற்றைத் திருத்தி எழுதுவது இப்படியும் நடக்கும்.

நம் கினபாலுவிலும் இதே கதைதான்

தூரத்து உதாரணம் என்று நினைக்க வேண்டாம். மரிபோசா படை யோசெமிட்டிக்குள் நுழைந்த அதே 1851 மார்ச் மாதத்தில் ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரி சபாவின் கினபாலு மலையில் ஏறினார். 4,095 மீட்டர் உயர உச்சிக்கு இன்றும் 'லோ சிகரம்' என்றுதான் பெயர். ஆனால் அவர் அந்த உச்சியைத் தொடவில்லை. 1888-இல் ஜான் வைட்ஹெட் தான் தொட்டார். ஹியூ லோவுக்கு வழி காட்டியவர்கள் அந்த மண்ணின் கடசான்-டூசுன் மக்கள். இறந்தோரின் ஆவிகள் தங்கும் புனித இடம் என்று அந்த மலையை வணங்கி வந்தவர்கள் அவர்கள். சிகரத்தின் பெயரை வைத்து வரலாறு படித்தால் யார் ஏறினார், யார் வழி காட்டினார் என்ற இரண்டுமே தவறிப்போகும்.

உச்சிக்கு எத்தனை பேர் போகலாம்?

கம்பி வடம் வந்ததும் ஹாஃப் டோம் சாதாரண மக்களுக்கும் திறந்துவிட்டது. அது நல்லதுதான். ஆனால் காலப்போக்கில் கோடை விடுமுறை நாள்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே கம்பியில் வரிசை கட்டி நிற்கும் நிலை வந்தது. மேலே போகிறவரும் கீழே இறங்குகிறவரும் ஒரே இடைவெளியில். இடி மின்னல் வந்தால் வேகமாக இறங்க வழியில்லை. 1985 ஜூலையில் உச்சியில் மின்னல் தாக்கி இருவர் உயிரிழந்தனர்.

எனவே 2010-இல் வார இறுதிகளுக்கும் 2011 முதல் எல்லா நாள்களுக்கும் அனுமதிச் சீட்டு முறை வந்தது. இன்று ஒரு நாளைக்குச் சுமார் 300 பேர் மட்டுமே. பெரும்பாலான சீட்டு குலுக்கல் முறையில்தான். பொது இடத்துக்கு ஏன் சீட்டு என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. 1864-ஆம் ஆண்டுச் சட்டம் 'மக்களுக்காக' என்றது. எல்லா மக்களும் ஒரே நாளில் வந்தால் மலையும் தாங்காது, மக்களும் பிழைக்க மாட்டார்கள். பாதுகாப்பதா, திறந்து விடுவதா என்ற இந்த இழுபறிக்கு 150 ஆண்டு வயது. கினபாலுவிலும் நாளுக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாடு இருப்பதை நாம் அறிவோம்.

நாங்கள் சப் டோம் அடிவாரத்தில் சீட்டைக் காட்டிவிட்டு மேலே ஏறியபோது மணி பன்னிரண்டு. கம்பி வடம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மாமா மலையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏறிடலாமா?" என்றேன். "வேணாம்மா. மலை எங்கயும் போகாது. உங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்" என்றார். இறங்கினோம். நெவாடா அருவிக்கு வரும்போது முதல் இடி கேட்டது.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உச்சிக்குப் போகலப்பா. ஆனா போற வழியில, இது வரைக்கும் நான் பேர் கேட்காத நிறைய பேர சந்திச்சேன்." அவன் விடவில்லை. "அவங்க பேரெல்லாம் என்ன டீச்சர்?" என்றான். அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு வரலாற்றுக் கட்டுரையிலும் நம் மாணவர்கள் கேட்க வேண்டும்.

மாணவர் குறிப்புக்கு: கால வரிசை

1851 – மரிபோசா படைப்பிரிவு அஹ்வானிப் பள்ளத்தாக்கில் நுழைகிறது.
1864 – லிங்கன் கையெழுத்திட்ட யோசெமிட்டிச் சட்டம்.
1875 – சீனத் தொழிலாளர்கள் அமைத்த வவோனா பாதை. ஆண்டர்சன் உச்சியை அடைதல்.
1882 – சீனர் குடியேற்றத் தடைச் சட்டம். டியோகா பாதை வேலை தொடக்கம்.
1890 – யோசெமிட்டி தேசியப் பூங்கா.
1919 – கம்பி வடங்கள் பொருத்தப்படுதல்.
2010-11 – அனுமதிச் சீட்டு முறை.

கலந்துரையாடலுக்கும் கட்டுரைப் பயிற்சிக்கும்

1. 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லுக்குப் பதிலாக 1851 நிகழ்வை எழுத எந்தச் சொல் பொருத்தம்? காரணம் கூறுக.
2. தெனாயா ஏரி, லோ சிகரம் ஆகிய இரு பெயர்களையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
3. சுற்றுலாத் தலங்களில் வருகையாளர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது சரியா? இரு தரப்புக் கருத்தையும் எழுதி உன் முடிவைக் கூறுக.
4. உன் வட்டாரத்தில் உள்ள ஒரு சாலை, பாலம் அல்லது ரயில் நிலையத்தை எடுத்துக்கொள். அதைக் கட்ட உழைத்தவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கிடைத்த பெயர்களோடு 150 சொற்களில் எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நான்காவது பயிற்சியை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். தேர்வில் அது வராமல் போகலாம். ஆனால் தாத்தா பாட்டிகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. என் தாத்தாவிடம் நான் கேட்கத் தவறிவிட்டேன்.